சொட்டு மருந்துக்கு முன் ஒரு சொட்டுச் சாயம்

நாயின் கண்ணிலோ பூனையின் கண்ணிலோ வலி இருக்கிறது என்பதைச் சிவப்பை விட இமைதான் முதலில் காட்டும். வலிக்கும் கண்ணை விலங்கு பாதி மூடியே வைத்திருக்கும். வெளிச்சத்தில் இன்னும் இறுக்கிக்கொள்ளும். கண்ணீர் ஒழுகி முகத்து மயிர் நனைந்திருக்கும். முன்னங்காலால் தேய்க்கும், தரையிலும் சாக்கிலும் முகத்தை உரசும். பூனை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டாது. கட்டிலுக்கு அடியில் இருட்டாகப் பார்த்துப் போய் உட்கார்ந்துகொள்ளும். தட்டுச் சத்தம் கேட்டும் வராது. ஒரு கண்ணை மட்டும் மூடி வைத்திருக்கும் விலங்கை அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். திருவண்ணாமலையில் சிறு பிராணிகளுக்கு வைத்தியம் பார்ப்பவர்களிடம் வரும் கண்களில் பல கெட்டுப்போவதற்குக் காரணம் நோயின் கடுமை அல்ல, வந்து சேர்வதற்குள் கழிந்த நாட்களும் அந்த நாட்களில் விடப்பட்ட மருந்துகளும்தான்.

மூக்கை ஒட்டிய உள்மூலையில் நாய்க்கும் பூனைக்கும் மூன்றாவது இமை ஒன்று உண்டு. நலமாக இருக்கும்போது அதன் ஓரம் மட்டுமே தெரியும். கண் வலித்தால் விழி உள்ளே இழுபடும். அப்போது இந்த இமை தானாகவே மேலேறிப் பாதிக் கண்ணை மூடிவிடும். "டாக்டர், கண்ணுல தோல் வளருது" என்று பதறிக் கொண்டுவருவது பெரும்பாலும் இதைத்தான். அது வளர்ந்த தோல் அன்று, வெட்டவும் கூடாது. பூனைக்கு இரண்டு கண்ணிலும் ஒன்றாக மேலேறியிருந்தால் வயிற்றுப்போக்கு, குடற்புழு, காய்ச்சல், மெலிவு என்று உடம்பைப் பார்க்க வேண்டும். கழுத்தில் கடிபட்ட நாய்க்கு ஒரு பக்கம் மட்டும் மேலேறி, அந்தக் கண்ணின் பாவையும் சிறுத்திருந்தால் நரம்பில் அடி. இரண்டு பக்கமும் ஏறி, காதுகள் விறைத்து, நெற்றித் தோல் சுருங்கி இழுத்தால் அது தசைவிறைப்பு ஜன்னி.

பீளையும் பேசும். காலையில் மூலையில் காய்ந்திருக்கும் பழுப்புத் துளி இயல்பானது. தெளிந்த நீர் ஓயாமல் வழிந்தால் உறுத்தல், காயம், அல்லது கண்ணீர் வடியும் குழாயில் அடைப்பு. மஞ்சளும் பச்சையுமாகக் கெட்டியாக வந்தால் கிருமி. நூல் நூலாக இழுபட்டு, துடைத்த அரை மணியில் மறுபடி ஒட்டிக்கொள்ளும் பீளையைக் கண்டால் கண்ணீர் வற்றிவிட்டதா என்று பார்க்க வேண்டும். இதைப் பற்றிப் பிறகு வரும்.

ஊரில் யாருக்காவது மெட்ராஸ் ஐ வந்திருந்தால், வீட்டு நாயின் சிவந்த கண்ணுக்கும் அதையே காரணமாகச் சொல்வார்கள். மனிதர்களிடையே பரவும் அந்தக் கண் வலி பெரும்பாலும் மனித அடினோ வைரஸால் வருவது, நாய்க்குத் தொற்றுவதில்லை. அது என்று நினைத்து அதே மருந்தைப் பங்கிட்டுக்கொள்ளும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

கண்ணைப் பரிசோதிப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதை மாற்றினால் விடையும் மாறிவிடும். தொடுவதற்கு முன் எட்ட நின்று விலங்கு நடப்பதைப் பார்க்க வேண்டும். பழக்கமில்லாத அறையில் நாற்காலியில் மோதுகிறதா, வாசற்படியில் தயங்குகிறதா என்பதே பாதிச் செய்தி. அடுத்து எதிரே நின்று இரண்டு கண்களையும் ஒப்பிட வேண்டும்: அளவு, பாவையின் விரிவு, விழியின் பளபளப்பு. பஞ்சு உருண்டையைக் கண் முன் போட்டால் பார்வையுள்ள விலங்கு அது விழும் திசையில் பார்க்கும்; பஞ்சு விழும்போது ஓசை எழாது என்பதால் காதால் ஏமாற்ற முடியாது. கையைத் திடீரென்று கண்ணுக்கு நேரே கொண்டுபோனால் இமைக்க வேண்டும். காற்று மீசையில் பட்டால் குருட்டுக் கண்ணும் இமைக்கும் என்பதால் காற்று கிளம்பாதபடி கையைச் சற்று விலக்கியே ஓட்ட வேண்டும். இந்த இமைப்பு பிறவியில் வருவதில்லை. நாய்க்குட்டி ஏறக்குறைய 3 மாதத்தில்தான் கற்றுக்கொள்கிறது. பூனை இருக்கும் வீட்டுக்குப் புதிதாக வந்த நாய்க்குட்டிகளின் கருவிழியில் நகக் கீறல் அடிக்கடி விழுவதற்கு இதுதான் காரணம்: நகம் வருவது தெரிந்தும் கண் மூடாது. கீறல் உள்ளே இருக்கும் லென்ஸ் வரை போயிருந்தால் வெளியில் ஊசி முனை அளவுக்குத்தான் தெரியும். சில நாட்களில் உள்ளழற்சி முற்றிக் கண்ணே போகலாம்.

டார்ச் வெளிச்சத்தில் பாவை சுருங்குகிறதா என்று பார்த்த பின், கண்ணீரை அளக்கும் தாள். கீழிமைக்குள் அதைச் செருகி ஒரு நிமிடம் வைக்க வேண்டும். நாய்க்கு 15 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் நனைந்தால் நலம். 10க்குக் கீழே போனால் வறட்சி. 5க்குக் கீழே கடும் வறட்சி. வேறெந்தத் துளியும் விடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பிறகு சாயம், அதன் பிறகு கண்ணழுத்தம்.

இந்தச் சாயம்தான் கண் வைத்தியத்தின் அச்சாணி. புளோரசின் பூசிய ஆரஞ்சு நிறத் தாளை ஒரு சொட்டு உப்புநீரில் நனைத்து இமையின் உட்புறம் தொட்டுவிட்டு, உப்புநீரால் கழுவ வேண்டும். கருவிழியின் மேல்தோல் முழுசாக இருந்தால் சாயம் கழுவிக்கொண்டு போய்விடும். எங்காவது தோல் உரிந்திருந்தால் அந்த இடம் மட்டும் பச்சையாக நிற்கும். நீல வெளிச்சத்தில் ஒளிரும். மனிதக் கண் மருத்துவத்துக்கு விற்கும் அதே தாள்தான், விலையும் குறைவு. இரண்டு நிமிட வேலை. செய்யாமல் விட்டதால் கெட்ட கண்கள் ஏராளம்.

நாயின் கருவிழி அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமான தடிமன் உடையது. அதில் விழும் புண்ணை மேலோட்டமானது, ஆழமானது, கிழிவதற்குக் காத்திருப்பது என்று பிரிக்கலாம். மேலோட்டமான புண், காரணத்தை நீக்கி, நுண்ணுயிர்க்கொல்லி சொட்டு விட்டு, தேய்க்காமல் பார்த்துக்கொண்டால் ஒரு வாரத்தில் மூடிவிடும். ஒரு வாரத்தில் மூடாத புண்ணுக்கு மருந்தை மாற்றிக்கொண்டே போவது தவறு. காரணத்தைத் தேட வேண்டும். இமை உட்புறம் மடிந்து மயிர் உரசுகிறதா, மூன்றாம் இமையின் பின்னே புல் விதை ஒளிந்திருக்கிறதா, கண்ணீர் வற்றியிருக்கிறதா, கிருமி வேறா? ஆழமான புண்ணில் சாயம் ஒரு விந்தை காட்டும்: சுற்றிலும் பச்சை வளையம், நடுவில் ஒன்றும் ஒட்டாத தெளிந்த வட்டம். அனுபவமில்லாத கண் அதை ஆறிவரும் அடையாளமாக எடுத்துக்கொள்ளும். உண்மையில் அங்கே கருவிழி முழுவதும் அரிக்கப்பட்டு, சாயம் ஏற்காத கடைசி மெல்லிய சவ்வு மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒரு குரைப்பில், கழுத்துப் பட்டையின் ஓர் இழுப்பில் உடைந்துவிடக்கூடிய கண் அது. உடனே அறுவை வேண்டும்.

இன்னொரு வகை, புண் உருகிக் கூழாக வழிவது. கிருமியும் கண்ணின் வெள்ளணுக்களும் விடும் நொதிகள் கருவிழியையே கரைக்கும்போது இது நேர்கிறது. இதற்கு அந்த விலங்கின் இரத்தத்தையே மருந்தாக்கலாம்: கொஞ்சம் எடுத்து உறையவைத்து, மேலே தெளியும் சீரத்தைத் தூய்மையாகப் பிரித்து, குளிர்பெட்டியில் வைத்து ஒன்றிரண்டு மணிக்கொரு தரம் சொட்டுவது. அதிலுள்ள பொருட்கள் கரைக்கும் நொதிகளைக் கட்டிப்போடுகின்றன. நுண்ணுயிர்க்கொல்லியோடு சேர்த்துச் செய்தால் போகவிருந்த கண்கள் மீள்கின்றன. விலை உயர்ந்த கருவி இல்லாத சிற்றூர் மருத்துவமனைக்கும் கைக்கெட்டும் வைத்தியம் இது. இன்னும் அதிகமாகப் பழக்கத்துக்கு வர வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் "கண்ணு சிவந்திருக்கு, ஒரு சொட்டு மருந்து குடுங்க" என்று கேட்டால் பல நேரம் கையில் கிடைப்பது ஸ்டீராய்டு கலந்த சொட்டு. விட்ட இரண்டாம் நாள் சிவப்பு குறையும், வீட்டார் நிம்மதி அடைவார்கள். புண் இருக்கும் கண்ணில் அந்த நிம்மதிதான் பொல்லாதது. ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்கும்போதே புண் ஆறுவதையும் தடுக்கிறது, கிருமிக்கு வழிவிடுகிறது, கரைக்கும் நொதிகளுக்குத் துணைபோகிறது. சிவப்பு குறையக் குறையப் பள்ளம் ஆழமாகும். நாலாம் நாள் கண் உடைந்து வரும். வீட்டு வைத்தியங்களையும் இங்கேயே சொல்லிவிடலாம். தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், மஞ்சள் தண்ணீர், மாட்டுக்குச் செய்வதுபோல உப்பை மென்று ஊதுவது எல்லாம் அன்போடு செய்யப்படுபவைதான். புண்ணான கருவிழிக்கு அவை கிருமியையும் எரிச்சலையும் கொண்டுசேர்க்கின்றன.

ஆறிய புண் வெள்ளைத் தழும்பை விட்டுப்போகும். "கண்ணுல பூ விழுந்துட்டுது" என்று ஊரில் சொல்வது இதையும் சேர்த்துத்தான். தழும்பு வலிக்காது, சிறியதாக இருந்தால் பார்வையையும் பெரிதாகக் கெடுக்காது. அதைக் கரைக்கிறேன் என்று மறுபடி எதையாவது விடாமல் இருப்பதே நல்லது.

இந்த ஊருக்கென்று சில காயங்கள் உண்டு. மலையடிவாரத்துப் புதர்க்காடும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஓரங்களும் முள்ளும் புல்லுமாக இருப்பவை. சீமைக் கருவேல முள் குத்திய கண்களும், நாயுருவி விதையோ ஊசிப்புல்லோ மூன்றாம் இமைக்குப் பின்னே புகுந்த கண்களும் வருவது வழக்கம். விதை உள்ளே இருக்கும்வரை எந்தச் சொட்டும் கேட்காது. மரத்துப்போகும் மருந்து விட்டு இமையைத் தூக்கிப் பார்த்து எடுத்துவிட்டால் இரண்டே நாளில் கண் திறந்துவிடும். முள் குத்தி நின்றால் வீட்டில் பிடுங்கக் கூடாது. அதுவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கலாம். எருக்கம் பாலும் கள்ளிப் பாலும் கண்ணில் பட்டால் மனிதர்களுக்கே கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். செடிகளை வெட்டும் இடத்தில் நாயை விடக் கூடாது. எல்லாவற்றிலும் கொடியது சுண்ணாம்பு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வீடுகளில் வாளியை முகர்ந்து பார்க்கும் குட்டிகள் மாட்டிக்கொள்கின்றன. காரப் பொருள் அமிலத்தைவிட ஆழமாக ஊறிச் செல்லும். தெறித்த நிமிடத்திலிருந்து அரை மணி நேரமாவது சுத்தமான தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றிக் கழுவ வேண்டும். இமைக்குள் கட்டியாக ஒட்டியிருந்தால் நனைந்த பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். அதற்குப் பின்தான் ஆட்டோவைக் கூப்பிட வேண்டும்.

கார்த்திகை தீபத்தின்போதும் பௌர்ணமி இரவுகளிலும் பாதையில் கூட்டமும் வண்டிகளும் பெருகும். தெருநாய்களுக்குத் தலையில் அடிபட்டு விழி வெளியே பிதுங்கி வருவது அப்போது நடக்கிறது. நீண்ட மூக்குள்ள நாட்டு நாய்க்கு விழி பிதுங்க வேண்டுமென்றால் பெரிய அடி விழுந்திருக்க வேண்டும்; பார்வை நரம்பும் அறுந்திருக்கலாம். பார்வை திரும்புவது அரிது. பக், ஷிட்சு போன்ற தட்டை முகத்து நாய்களின் கண்குழி ஆழமற்றது. கழுத்துப் பட்டையை வெடுக்கென்று இழுத்தாலோ, பிடரியை இறுக்கிப் பிடித்தாலோ கூடப் பிதுங்கிவிடும். சீக்கிரம் உள்ளே பொருத்தி இமைகளைத் தைத்தால் இவற்றில் பார்வை பிழைப்பதும் உண்டு. வீட்டார் செய்யவேண்டியது ஒன்றே: விழியை உள்ளே தள்ள முயலாமல், உப்புநீரிலோ ஆறவைத்த கொதிநீரிலோ நனைத்த சுத்தமான துணியை மேலே வைத்து, காயவிடாமல், தேய்க்கவிடாமல் கொண்டுவருவது. இந்த இன நாய்களுக்குக் கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்புப் பட்டை போடுவதே சரி.

மூன்றாம் இமையின் அடியில் ஒரு கண்ணீர்ச் சுரப்பி இருக்கிறது. அது பிதுங்கி உள்மூலையில் சிவந்த உருண்டையாக நிற்பதைச் செர்ரி ஐ என்கிறார்கள். காக்கர் ஸ்பானியல், பீகிள், புல்டாக் குட்டிகளிடம் அதிகம். அதை நறுக்கி எறிவது ஒரு காலத்தில் பரவலாக இருந்தது, எளிதும்கூட. ஆனால் கண்ணீரில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அங்கேதான் சுரக்கிறது. நறுக்கிய நாய்களுக்குச் சில ஆண்டுகளில் கண் வறளும். சுரப்பியைப் பை போல் தைத்து உள்ளேயே திருப்பி வைப்பதுதான் முறை.

கண் வறட்சி மெல்ல வரும் நோய். பீளையைத் துடைத்துத் துடைத்தே மாதங்கள் ஓடிவிடும். விழி பளபளப்பு இழக்கும், பிறகு கருவிழி மேல் கறுப்புப் படரும். பெரும்பாலான நாய்களில் உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்குவதால் வருகிறது. டிஸ்டெம்பர் வந்து பிழைத்த நாய்களுக்கும், சல்ஃபா மருந்து நெடுநாள் கொடுக்கப்பட்டவற்றுக்கும் வரலாம். சைக்ளோஸ்போரின் களிம்பு 1995இல் அமெரிக்காவில் நாய்களுக்கென்று ஒப்புதல் பெற்ற பிறகு இந்த நோயின் கதை மாறியது. அதற்கு முன் எச்சில் குழாயைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் அறுவைவரை போக வேண்டியிருந்தது. களிம்பு வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். ஆயுள் முழுக்க விட வேண்டும். கண் தெளிந்தவுடன் நிறுத்திவிட்டுத் திரும்பி வருபவர்கள் பலர்.

கண்ணில் தெரியும் நோய் கண்ணோடு நிற்காத சந்தர்ப்பங்களில் முதன்மையானது உண்ணிக் காய்ச்சல். நாயுண்ணி இந்தப் பக்கத்து வெயிலில் ஆண்டு முழுவதும் பெருகும். சுவர் விரிசலிலும் கட்டிலடியிலும் முட்டையிடும். அது பரப்பும் எர்லிக்கியா என்ற நுண்ணுயிர் 1935இல் அல்ஜீரியாவில் முதலில் இனங்காணப்பட்டது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் மோப்ப நாய்களை நூற்றுக்கணக்கில் கொன்றது. இரத்தத் தட்டணுக்கள் குறைவதால் கண்ணுக்குள் இரத்தம் கசியும். வெண்விழியில் சிவப்புத் திட்டு, பாவைக்கு முன்னால் இரத்தம் தேங்கல், விழி நீலம் பூத்தல், பாவை சுருங்கிக் கண்ணழுத்தம் குறைதல் என்று பல வேடத்தில் வரும். இரண்டு கண்ணிலும் ஒன்றாக வந்தால் சந்தேகம் வலுக்கும். ஈறு வெளுத்திருக்கிறதா, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்து இரத்தம் சோதித்தால் தெரிந்துவிடும். டாக்ஸிசைக்ளின் 28 நாள் கொடுக்க வேண்டும். பத்தாம் நாளில் நாய் துள்ளிக் குதித்தாலும் நிறுத்தக் கூடாது. வீட்டிலுள்ள உண்ணியையும் ஒழிக்க வேண்டும்.

உண்ணிக் காய்ச்சலால் கண்ணுக்குள் வரும் இந்த அழற்சிக்குச் சாயம் ஒட்டாத கண்ணில் ஸ்டீராய்டு சொட்டு தேவை. விடாமல் இருந்தால் பாவை ஒட்டிக்கொண்டு பார்வை போகும். புண்ணான கண்ணைக் கெடுக்கும் அதே மருந்துதான் இந்தக் கண்ணைக் காப்பாற்றுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் சிவந்த கண்தான். வேறுபடுத்திக் காட்டுவது அந்தச் சாயத் தாள்.

மூன்றாவதாக ஒரு சிவந்த கண் உண்டு. அதற்கு மணிக்கணக்கில்தான் அவகாசம். கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோயில் வெண்விழியில் தடித்த இரத்தக் குழாய்கள் புடைக்கும், கருவிழி நீலமாக மங்கும், பாவை விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்கும், நாய் தலையைத் தொடவிடாது. நலமான கண்ணின் அழுத்தம் ஏறத்தாழ 10 முதல் 25 மில்லிமீட்டர் பாதரசம். இது 50ஐத் தாண்டினால் ஒன்றிரண்டு நாட்களில் பார்வை நரம்பு மாண்டுபோகும்; பிறகு அழுத்தத்தைக் குறைத்தாலும் பார்வை திரும்பாது. அழுத்தமானி எல்லாச் சிற்றூர் மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை. சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் கண் சிகிச்சைக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. திருவண்ணாமலையிலிருந்து ஏறக்குறைய 190 கிலோமீட்டர். அனுப்பும் மருத்துவர் இங்கேயே மானிட்டாலும் டார்சோலமைடு, டிமோலால் போன்ற சொட்டுகளும் கொடுத்து அழுத்தத்தை இறக்கத் தொடங்கிவிட்டு அனுப்புவதே முறை; பேருந்தில் கழியும் நான்கைந்து மணி நேரமும் அந்தக் கண்ணின் கணக்கில்தான் சேரும். பரம்பரையாக வரும் வகையில் ஒரு கண் போனால் மற்றதும் தொடரும் என்பதால், நலமான கண்ணுக்கும் முன்கூட்டியே மருந்து விட வேண்டும்.

கண்புரை பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. ஏழெட்டு வயதைத் தாண்டிய நாய்களின் பாவையில் நீலச் சாம்பல் நிறம் தெரிவது பெரும்பாலும் லென்ஸ் வயதால் இறுகுவதுதான்; நாய் நன்றாகவே பார்க்கும், வைத்தியம் வேண்டாம். கை நீளத் தூரத்திலிருந்து ஒளி பாய்ச்சினால் இறுகிய லென்ஸின் ஊடே விழித்திரையின் பச்சை மின்னல் தெரியும். புரை விழுந்த இடம் அந்த மின்னலை மறைக்கும். உண்மையான புரை திடீரென்று இரண்டு கண்ணிலும் முற்றினால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். நீரிழிவு வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓராண்டு அளவில் புரை விழுந்துவிடுகிறது. பூனைக்கு அப்படி நேர்வது அபூர்வம். புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் கிடையாது. விழித்திரை வேலை செய்கிறதா என்று மின்சோதனை செய்த பிறகு, அதிர்வு ஒலியால் லென்ஸை உடைத்து உறிஞ்சி எடுக்கும் அறுவைதான் வழி. உள்ளே வைக்கும் செயற்கை லென்ஸ் நாய்க்கு 41 டையாப்டர் திறன் உள்ளதாகவும் பூனைக்கு 53 அளவிலும் இருக்க வேண்டும். மனிதருக்கு வைப்பது 20ஐ ஒட்டியது. அறுவைக்குப் பின் மாதக்கணக்கில் சொட்டு விடும் பொறுமை இல்லாத வீட்டில் அறுவை செய்யாமல் விடுவதே நாய்க்கு நல்லது.

பூனைகளுக்கு வருவோம். குட்டிகளின் கண் பிறந்து 7 முதல் 10 நாட்களில் திறக்கும். நாய்க்குட்டிக்கு 10 முதல் 14. திறப்பதற்கு முன் மூடிய இமை உப்பினால் உள்ளே சீழ் தேங்கியிருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை வைத்து வைத்து, மெல்லப் பிரித்து, சீழை வெளியேற்றி, களிம்பு போட வேண்டும். தானாகத் திறக்கட்டும் என்று காத்திருந்தால் கருவிழி கரைந்துவிடும். தும்மலோடு கண் ஒட்டிக்கொள்ளும் குட்டிகளுக்குப் பெரும்பாலும் பூனை ஹெர்பிஸ் வைரஸ். அது வாழ்நாள் முழுக்க நரம்பில் தங்கியிருந்து, வீடு மாறும்போதும் புதுப் பூனை வரும்போதும் தலைதூக்கும். ஒரு கண்ணில் தொடங்கிச் சில நாளில் மறு கண்ணுக்குப் போய், இமையின் உட்புறம் தடித்து வீங்கினால் கிளமிடியா. அதற்கு வாய்வழி டாக்ஸிசைக்ளின் வேண்டும். பூனைக்கு அந்த மாத்திரையைக் கொடுத்ததும் கொஞ்சம் தண்ணீர் புகட்ட வேண்டும். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகும்.

பூனை வைத்தியத்தில் கவனிக்க வேண்டிய மருந்து ஒன்று: என்ரோஃப்ளாக்சசின். நாய்க்கும் கோழிக்கும் தாராளமாகப் புழங்குவது. பூனைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் விழித்திரை அழிந்து நிரந்தரக் குருடு வரலாம். வீட்டில் மிஞ்சியிருக்கும் நாய் மருந்தைப் பூனைக்கு ஊற்றக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். வயதான பூனை ஒரே இரவில் பார்வை இழந்து பாவை விரிந்து நின்றால் இரத்த அழுத்தத்தை அளக்க வேண்டும். சிறுநீரகம் கெட்ட பூனைகளில் அழுத்தம் ஏறி விழித்திரை பிரிந்துவிடுகிறது. உடனே அம்லோடிபின் தொடங்கினால் சிலவற்றுக்குப் பார்வை ஓரளவு திரும்புகிறது.

திருவண்ணாமலை விலங்குகளுக்குச் சோறிடும் ஊர். ரமணாசிரமத்தில் 1948இல் இறந்த லட்சுமிப் பசுவுக்கும், வள்ளி என்னும் மானுக்கும், ஒரு காகத்துக்கும், ஜாக்கி என்னும் நாய்க்கும் சமாதிகள் இருக்கின்றன. ஆசிரமங்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள வீடுகளிலும் சைவமே வழக்கம். பூனைக்கும் தயிர்சாதமும் பால்சோறும்தான். இது இந்த ஊரில் கட்டாயம் பேச வேண்டிய கண் பிரச்சினை. டாரின் என்னும் சத்து இல்லாமல் பூனையின் விழித்திரை நிலைக்காது. நாய் அதைத் தன் உடலிலேயே பெருமளவு செய்துகொள்ளும். பூனையால் போதுமான அளவு முடியாது. இறைச்சியிலும் மீனிலும்தான் அது கிடைக்கிறது. பாலில் இருப்பது மிகக் குறைவு. டாரின் இல்லாத உணவில் பூனையின் விழித்திரை அழிகிறது என்பது 1975இல் நிறுவப்பட்டது; இதயமும் வீங்கித் தளர்கிறது என்பது 1987இல். மாதக்கணக்கில் ஓசையில்லாமல் நடக்கும் அழிவு இது. பாவை எப்போதும் விரிந்திருப்பதைக் கவனிக்கும்போது காலம் கடந்திருக்கும். இழந்த பார்வை வராது, உணவை மாற்றினால் மிஞ்சியது நிற்கும். கேரட்டும் கீரையும் கொடுத்து ஈடுகட்டவும் முடியாது. அவற்றிலுள்ள சத்தை வைட்டமின் ஏ ஆக மாற்றவும் பூனைக்கு உடம்பில் வசதியில்லை. மீனோ கோழியோ வேகவைத்தால் டாரின் தண்ணீரில் இறங்கும் என்பதால் அந்தத் தண்ணீரோடே கொடுக்க வேண்டும். வீட்டில் மாமிசம் புழங்காதவர்கள் டாரின் சேர்த்த பூனைத் தீவனம் வாங்கலாம். நாய்த் தீவனம் ஈடாகாது. தன் விரதத்தைப் பூனையின் மேல் ஏற்றுவது கருணை ஆகாது. இதை அடியார்களிடம் தயங்காமல் சொல்ல வேண்டும்.

தெருநாய்களின் கண்ணில் காலிஃபிளவர் போல் சிவந்து வளரும் கட்டியைப் பார்த்தால் தீராத புற்று என்று கைவிட வேண்டாம். இணைசேரும்போதும் முகர்ந்து நக்கும்போதும் ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குப் போகும் கட்டி அது. இமையிலும் மூக்கிலும் கூட வரும். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி, நாலிலிருந்து ஆறு வாரம். பெரும்பாலும் முழுதாக மறைந்துவிடும். பார்வை திரும்பவே முடியாத, ஓயாமல் வலிக்கும் கண்ணை எடுத்துவிடலாம். கேட்கக் கொடுமையாகத் தோன்றும். எடுத்த சில நாட்களில் அந்த நாய் சாப்பிடுவதையும் வாலாட்டுவதையும் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இரண்டு கண்ணும் போன வீட்டு நாய், தட்டும் படுக்கையும் கட்டிலும் இடம் மாறாமல் இருந்தால் மூக்கையும் காதையும் கொண்டு நன்றாகவே வாழ்கிறது.

தெரு விலங்கின் முகத்தருகே கை வைப்பவர் தன் கண்ணையும் காத்துக்கொள்ள வேண்டும். வெறிநாய்க்கடிக் கிருமி எச்சிலில் இருக்கிறது. கண்ணிலோ வாயிலோ தெறித்தால் அது கடிபட்டதற்குச் சமமான ஆபத்து. உடனே 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியும் தேவையான எதிர்ப்புப் புரத ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் மருந்து விடுவதற்குப் பழக்கம் வேண்டும். பின்னாலிருந்து அணைத்து, தாடையை உயர்த்தி, மேலிமையை லேசாகத் தூக்கி, குப்பியின் முனை கண்ணில் படாமல் ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி, களிம்பு கடைசியில். பாவையை விரிக்கும் அட்ரோபின் சொட்டு விட்டதும் பூனை நுரை நுரையாக எச்சில் வடிக்கும்; கசப்பு தொண்டைக்கு இறங்குவதால் வருவது, விஷம் அல்ல. கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு கட்டாயம். கடையில் கிடைக்காவிட்டால் அடிப்பாகம் வெட்டிய பிளாஸ்டிக் வாளி போதும். இரவில் பாவமென்று கழற்றிய கூம்பால் ஒரு வாரத் தையல் ஒரு மணியில் பிரிந்துவிடும். திறந்த குப்பியை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

மருத்துவமனைக்குக் கிளம்பும்போது, இதுவரை கண்ணில் விட்ட மருந்துகளின் குப்பிகள் எல்லாவற்றையும், காலியானதையும் சேர்த்து, கையோடு கொண்டுவாருங்கள். தாய்ப்பாலோ தேனோ விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.